கல்லாப் பக்கத்துப் பெட்டிக்கும் காற்று வேண்டும்!



வத்தல் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடியில் கட்டை போட்டு, சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் சந்து விட்டு அடுக்குகிறோம். காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும். இல்லையேல் மூட்டை வெந்து, நிறம் கறுத்து, விலை பாதியாகும். மல்லிக்கும் பருப்புக்கும் இதே கணக்குதான். இவ்வளவு தெரிந்த நாம், கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் எங்கே வைக்கிறோம்? மேசைக்கு அடியில், சாக்குக் கட்டுக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவில், மூச்சு விட வழியில்லாமல் திணித்து வைக்கிறோம். அடியேனும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதனால் பட்டதை முதலில் சொல்லி விடுகிறேன்.

எம்.ரெட்டியபட்டியில் நமது கடை சில்லறையும் மொத்தமும் கலந்த மளிகைக் கடை. சுற்றுக் கிராமங்களில் பாதிப் பேருக்குப் பற்று வரவு உண்டு. விளைச்சல் வந்ததும் வாங்கி வரவு வைப்போம். பழைய பேரேட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, முன்புறம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்கும் வைத்த ஒரு பெட்டியைப் பையன்கள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கினேன். கடைக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி பிறந்ததும் அந்தப் பெட்டி இரைய ஆரம்பித்தது. மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல். ஓர் அம்மா "கால் கிலோ உளுந்து" என்று கேட்டதை "நாலு கிலோ" என்று காதில் வாங்கி நிறுத்துப் போட்டுச் சண்டையாகிவிட்டது. சித்திரை வெயிலில் நண்பகல் ஆனால் தானாக அணைந்தது. மறுபடி போட்டால் ஓடியது. கரண்ட் கோளாறு என்று நினைத்து யு.பி.எஸ். மாற்றினேன். அதன் பிறகும் அணைந்தது. ஒருநாள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அணைந்து, திரும்ப எழுந்தபோது கணக்குக் கோப்பு திறக்கவில்லை. கடைசியாக நகல் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாள் பற்று போயே போய்விட்டது.

பழுது பார்க்க வந்த தம்பி பெட்டியைத் திறந்து காட்டினார். பிராசசர் மேல் இருக்கும் விசிறியின் அடியில், இலை இலையாக இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, செங்கல் நிறத்தில் ஒரு கனத்த படலம். வத்தல் பொடியும் கடலை மாவும் கரிசல் தூசியும் சேர்ந்து அடைபோல இறுகியிருந்தது. "அண்ணாச்சி, மிஷின் கெடல. மூச்சு முட்டியிருக்கு. முன்னாடி கண்ணாடி, பின்னாடி சுவர். காத்து எங்கிட்டுப் போகும்?" என்றார்.

அந்த ஒன்பது நாள் கணக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில், இந்தப் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பார்ப்போம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பதிவு பெற்ற கடைக்குக் கம்ப்யூட்டர் ஆடம்பரப் பொருள் அல்ல. தராசைப் போல அதுவும் ஒரு தொழில் கருவி. தராசு பார்த்து வாங்குகிறோம். இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சூடு என்ன செய்யும்?

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் இழுத்தால், பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டைக் காற்றுதான் வெளியே சுமந்து வர வேண்டும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். பில் மெதுவாக வரும். இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவில் எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் ஏறினால் எரிந்து போகாமலிருக்கத் தானே அணைந்துவிடும். நம் கடையில் நடந்தது இதுதான்.

இதைவிட மெதுவாக நடக்கும் கேடு ஒன்று உண்டு. மதர்போர்டிலும், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலும் சிறு டப்பா வடிவில் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றுள் திரவ வகையானவை பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் வழங்கும் கணக்கு. பத்து வருடம் உழைக்க வேண்டியது ஐந்தே வருடத்தில் போய்விடும்.

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அலுவலகங்களுக்கென்று வரும் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் கையேட்டில், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக் கடைக்குள் 35 டிகிரி எந்த நேரத்தில் இருக்கும்? விடிகாலையில் இருக்கும்! குளிரூட்டிய அறைக்காகச் செய்த பொருளை நாம் கரிசல் காட்டில் ஓட்டுகிறோம். எனவே நமக்குக் காற்றோட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்?

பயப்பட வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டர் படம் வரையும் கம்ப்யூட்டர் போல மின்சாரம் தின்னாது. பெரும்பாலும் 100 வாட்டுக்குள்தான் நிற்கும். 100 வாட் சூட்டை எடுத்து, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டுமென்றால், மணிக்குச் சுமார் 30 கன மீட்டர் காற்று போதும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற மெதுவான வேகத்திலேயே, தடையில்லாத இடத்தில் மணிக்கு 60 கன மீட்டர் வரை தள்ளும். சல்லடையும் வயர்களும் மறித்துப் பாதி குறைந்தாலும் கணக்குச் சரியாக வந்துவிடும். ஆகவே ஏழெட்டு விசிறி வைத்த பெட்டி நமக்குத் தேவையில்லை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று இருந்தால் தாராளம்.

இந்த 30 கன மீட்டரை வேறு விதமாகவும் பாருங்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள கடையின் மொத்தக் காற்றே சுமார் 28 கன மீட்டர்தான். அதாவது, மணிக்கு ஒருமுறை உங்கள் கடைக் காற்று முழுவதும் அந்தப் பெட்டி வழியே போய் வருகிறது! காலை முதல் இரவு வரை பத்துத் தடவைக்கு மேல். காற்றில் உள்ள வத்தல் நெடி, மாவு, தூசி எல்லாம் கூடவே போகிறது. காற்று வேண்டும், தூசி வேண்டாம் என்பதுதான் நமது சிக்கல். இதைத் தீர்க்கும் பெட்டியே நல்ல பெட்டி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, முன்புறம். கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக் பலகையோ வேண்டவே வேண்டாம். முன்புறம் முழுக்கச் சிறு துளைகள் கொண்ட இரும்பு வலையாக இருக்க வேண்டும். மூடிய முகப்புப் பெட்டிகள் பக்கவாட்டுச் சிறு சந்து வழியே இழுக்கும். விசிறி மூன்று இருந்தும் காற்று வராது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே மின்விசிறி போட்டது போலத்தான்.

இரண்டாவது, சல்லடை. முன்புறமும் அடியிலும் மெல்லிய நைலான் சல்லடை இருக்கிறதா, அது திருகு கழற்றாமல் கையால் இழுத்தால் வருகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். கழற்றச் சிரமமான சல்லடையை எந்தக் கடைப் பையனும் கழுவ மாட்டான். மாவைச் சலிக்கும் நமக்குத் தெரியும், கண் பெரிதானால் குருணையும் இறங்கும், மிகச் சிறிதானால் சீக்கிரம் அடைக்கும். கொசுவலைத் துணியை ஒட்டினால் பஞ்சும் நூலும் நிற்கும், மாவு நிற்காது.

மூன்றாவது, உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சல்லடை போட்ட முன் பக்கத்தில் இரண்டு விசிறி உள்ளே தள்ள, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால், பெட்டிக்குள் காற்றழுத்தம் சற்றே மிகும். அப்போது மற்றச் சந்துபொந்துகள் வழியே காற்று வெளியேதான் வரும், தூசி நுழையாது. மாறாக, வெளியே தள்ளும் விசிறியே அதிகமானால் சல்லடை இல்லாத ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தூசியை உறிஞ்சும்.

நான்காவது, விசிறியின் அளவு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். 80 மில்லிமீட்டர் விசிறியைக் காட்டிலும் 120 மில்லிமீட்டர் விசிறிக்குப் பரப்பு இரண்டே கால் மடங்கு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். காற்றில் இழப்பது குறைவு, சத்தத்தில் லாபம் அதிகம். நான்கு கம்பி வைத்த விசிறி என்றால் சூட்டுக்கேற்ப மதர்போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

ஐந்தாவது, எஸ்.எம்.பி.எஸ். வைக்கும் இடம். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அது அடியில், தனி அறையில் இருக்கும். கீழிருந்து காற்றை இழுக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு அடியில் நல்ல உயரமான கால்களும் சல்லடையும் இருக்க வேண்டும்.

சத்தம் குறைக்க எடுத்த முயற்சி

பெட்டிச் சத்தம் நமக்கு மட்டுமுள்ள தொல்லை அல்ல. இன்டெல் நிறுவனம் 1995இல் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையைக் கொண்டுவந்தது. இன்றும் கம்ப்யூட்டர் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. அதன்பின் பிராசசர்களின் சூடு கூடக் கூட, விசிறிகளும் சின்னதும் வேகமானதுமாகப் பெருகி இரைச்சல் தாங்க முடியாமல் போயிற்று. 2005இல் ஆன்டெக் என்ற அமெரிக்க நிறுவனம், கம்ப்யூட்டர் சத்தத்தை அளந்து ஆராய்ந்து எழுதிவந்த கனடா நாட்டு மைக் சின் என்பவரின் யோசனையோடு பி180 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கீழே தனி அறையில் வைத்தது, அதிர்வு தாங்க மூன்று அடுக்குப் பக்கத் தகடு போட்டது, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டியது ஆகியவை அதன் சிறப்புகள். அதே 2005இல் ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனமும் சத்தமில்லா விசிறிகளைத் தொழிலாக எடுத்துக்கொண்டு தொடங்கியது.

இன்று உள்பக்கம் பஞ்சு ஒட்டி, முன்பக்கம் கதவு வைத்த 'சைலன்ட்' பெட்டிகள் விற்பனையில் உண்டு. அவை குளிர்ந்த ஊருக்குப் பொருந்தும். நம் ஊர் வெயிலில் அந்தக் கதவும் பஞ்சும் சூட்டை உள்ளே பிடித்து வைக்க, விசிறி வேகமெடுத்து முன்னைவிட அதிகம் இரையும். நமக்கு ஏற்ற வழி, சத்தத்தை மூடி மறைப்பது அல்ல. சத்தம் எழாமல் பார்ப்பது. காற்று தாராளமாகப் போனால் விசிறி ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும். ஆகையால் காற்றோட்டமும் அமைதியும் ஒன்றுக்கொன்று பகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. அமைதியான பெட்டி ஒருநாள் இரைய ஆரம்பித்தால், சல்லடை அடைத்துவிட்டது என்று அதுவே சொல்கிறது. என் பெட்டி ஒரு மாதம் முழுக்கச் சொன்னது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் வைக்கும் இடம் தவறினால் பயனில்லை. தரையில் வைக்காதீர்கள், பெருக்கும்போது எழும் தூசி முழுவதும் அதற்குத்தான். முழங்கால் உயரத்துக்காவது ஒரு பலகை அடியுங்கள். சுவரிலிருந்து அரையடி தள்ளி, பின்பக்கச் சூடு வெளியேற இடம் விடுங்கள். மூடிய மேசை அறைக்குள் வைக்காதீர்கள். மாவு, வத்தல்பொடி நிறுக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். உப்பு மூட்டைக்குப் பக்கம் கூடவே கூடாது. உப்புத் தூசி ஈரத்தை இழுத்துச் செம்பையும் இரும்பையும் அரிக்கும். பின்பக்கம் காலியாக உள்ள துளைகளுக்குத் தகட்டு மூடி போடுங்கள். மளிகைக் கடையில் பல்லிக்கும் கரப்பானுக்கும் சூடான அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

வாரம் ஒருமுறை, கடை அடைக்கும் நேரத்தில் முன் சல்லடையைக் கழற்றித் தண்ணீரில் அலசி, இரவு முழுக்க உலரவிட்டுக் காலையில் மாட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

பெரிய பெட்டிதான் வேண்டுமா?

சிறு கடைக்கு அவசியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பில்லும் சரக்கிருப்பும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு, டிபன் பாக்ஸ் அளவில் வரும் சிறு கம்ப்யூட்டரே போதும். 2023இல் வந்த இன்டெல் என்100 போன்ற பிராசசர் 6 வாட் அளவுக்கென்று வடிவமைக்கப்பட்டது. அதில் விசிறியே இல்லாத வகைகளும் உண்டு. விசிறி இல்லையென்றால் சத்தமும் இல்லை, உறிஞ்சும் தூசியும் இல்லை. ஆனால் உடம்பே சூட்டை வெளியிடுவதால் அதன்மேல் பில் கட்டையோ துணியையோ வைக்கக்கூடாது. எந்த வகையானாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள். சத்தம் இல்லை, அதிர்ச்சியும் தாங்கும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும், வெறும் பெயரைப் பார்க்காமல் மேலே சொன்ன ஐந்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் முதல் வெளிநாட்டு நிறுவனங்கள் வரை எல்லோரிடமும் வலை முகப்புப் பெட்டியும் உண்டு, கண்ணாடி முகப்புப் பெட்டியும் உண்டு. ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். சாதாரண முறையில் வரி கட்டுகிறவர்கள் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த ஒன்பது நாள்

இனி, போன கணக்குக்கு வருவோம். என்ன செய்வதென்று தெரியாமல், கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: "கம்ப்யூட்டர் பழுது. இந்த ஒன்பது நாளில் பற்று வாங்கியவர்கள் தயவுசெய்து தொகையைச் சொல்லவும்." வெட்கமாக இருந்தது. மூன்று நாளில் ஏறக்குறைய எல்லோரும் வந்து சொன்னார்கள். சிலர் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தார்கள். வயதான ஒரு பாட்டி, தன் பற்றில் எண்ணெயை நான் எழுத மறந்திருப்பேன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாலு கிலோ உளுந்துக்குச் சண்டை போட்ட அம்மாவும் வந்தார். "கால் கிலோதான் எழுதணும் அண்ணாச்சி" என்று சிரித்தார்.

கணக்கு வாடிக்கையாளர் மனதில் பத்திரமாக இருந்தது. என் பொறுப்பில் இருந்த பெட்டியில்தான் இல்லை. அவர்கள் நம்மை நம்பி, என்ன எழுதினோம் என்று கேட்காமலே வாங்கிப் போகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காக்கும் பெட்டிக்கு ஒரு சாண் இடமும் ஒரு பிடி காற்றும் தராமல் இருப்பது நியாயமா?

இப்போது நம் கடையில் வலை முகப்புப் பெட்டி ஒன்று பலகை மேல் இருக்கிறது. பார்க்க அழகில்லை, யாரும் நின்று பார்ப்பதும் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இரவு கடை அடைக்குமுன் அன்றைய கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். சாவிக்கொத்தோடு அதுவும் தொங்குகிறது.

நாளைக் காலை கடை திறந்ததும், மேசைக்கு அடியில் குனிந்து உங்கள் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று வருகிறதா? வந்தால் நன்று. வராவிட்டால், வியாபாரம் சூடு பிடிக்குமுன் அதற்கொரு வழி செய்யுங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!